பிசகிய காதும் திறந்த கண்ணும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காதிலிருந்து கிடைத்தது. யாரோ காதோடு காதாகச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய காது. காகிதத்தால் செய்தது.

அரியாலையில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீடொன்றைத் துப்புரவாக்கப் போன என் மைத்துனர், அங்கே ஒரு பால்மாப் பேணியைத் திறந்திருக்கிறார். உள்ளே மயிர் உதிர்ந்த தூரிகைகள், கறள் ஏறிய கத்தரிக்கோல், அவற்றுக்கு அடியில் இது. "உமக்குத்தானே உப்பிடிக் கண்டறியாத சாமானெல்லாம் பிடிக்கும், வைச்சிரும்" என்று என் மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

இடது காது. சாதாரண ஆளுக்குக் கொஞ்சம் பெரியது. வெளிப்புறம் தோல்நிறப் பூச்சு, உட்புறம் பூச்சில்லை. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய கோடு போட்ட கொப்பித்தாள்கள் தெரிகின்றன. மேலே இருக்கும் தாளில் அழிந்தும் அழியாமலும் அச்சில் அரை வாக்கியம்: "கண்டவர்கள் அறியத்தரவும்." யாரைக் கண்டவர்கள் என்பது மடிப்புக்குள் போய்விட்டது.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் நான் செய்தது. காது கிடைத்தால் ஆளைச் செய்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம், வாசகர்களும் பொறுத்துப் பழகியவர்கள். ஆனால் இந்த முறை ஒரு சிக்கல் வந்தது. கதையில் ஓரிடத்தில் இரண்டு கண்கள் வருகின்றன. அவற்றை நான் மூடி வைத்தேன். அவை மூடியபடி இருக்கவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் ஞானாம்பிகையும் ஒருத்தி. அவளுடைய கையில் இருந்தது ஒரு]

வேண்டாம். கப்பலில் வந்தவர்களின் கையில் என்ன இருந்தது என்று எழுதத் தொடங்கினால் கதை அந்தக் கப்பலுக்குள்ளேயே நின்றுவிடும். இன்னொன்று:

[யாழ்ப்பாணம் சந்தை வாசலில் வாயில்லாத ஒருத்தி நின்றாள்.]

இது பரவாயில்லை. ஆனால் ஆள் யாரென்று சொல்லாமல் வாயை மட்டும் எடுத்துவிட்டால் வாசகர் கோபிப்பார். ஆகையால் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

ஞானாம்பிகை வட்டுக்கோட்டைக்காரி. வெங்காயமும் புகையிலையும் பயிரிடுகிற சைவக் குடும்பம். கொழும்பில் சவர்க்காரப் பெட்டிகளுக்குப் படம் கீறிக்கொண்டிருந்தவள், கலவரத்தோடு ஊருக்கு வந்தாள். ஊரில் "அடுத்தது என்ன" என்று கேட்கிறவர்களின் தொல்லை தாங்காமல் அரியாலையில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அடுத்தது என்ன என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. என்ன வேலை செய்கிறாள் என்றுகூட ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. பத்திரிகைக் கதைகளுக்குப் படம் கீறினாள். பழைய நாட்காட்டியையும் மருந்துப் பெட்டியையும் வெட்டி ஒட்டி, மீன் தலை வைத்த மாப்பிள்ளையும் கிணற்றுக்குள் ஆகாயவிமானமும் செய்தாள். மீன் வாங்கப் போகிற பனையோலைப் பையின் பெயரில், 'உமல்' என்று ஒரு சின்னஞ்சிறு சஞ்சிகை விட்டாள். ஒரே கொப்பித்தாளை மடித்தால் அதுதான் முழுச் சஞ்சிகை. படம், துணுக்கு, கேலி எல்லாம் அதற்குள். பொருளாதாரத் தடைக் காலத்தில் தினசரிகளே கோடு போட்ட தாளில் வந்தன, இவளை யார் குறை சொல்வது. றோனியோ மெசின் ஓடினால் அச்சு, மை இல்லாவிட்டால் கையெழுத்து.

இவற்றோடு இன்னொன்றும் செய்தாள். அதற்கு அவளிடமே பெயர் இருக்கவில்லை. காகிதத்தில் ஒரு தலை செய்து, அதை மாட்டிக்கொண்டு, சனம் போகிற வருகிற இடத்தில் அசையாமல் நிற்பாள். பேச்சில்லை, பாட்டில்லை. அந்தத் தலைக்குக் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. வாய் இல்லை.

ஒருநாள் சந்தை வாசலில் அப்படி நின்றபோது, குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் லூர்த்தம்மா கடகத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே வந்தாள். மற்றவர்கள் விலகிப் போனார்கள். இவள் முகத்தோடு முகம் வைத்து அந்த ஓட்டைகளுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ளுக்கை ஆள் இருக்கோ?"

"ஓம், இருக்கிறன்" என்றாள் ஞானாம்பிகை. பேசக்கூடாது என்பது அவளே வைத்த விதி. அன்றைக்குத் தவறிவிட்டது.

"இருந்தாச் சரி" என்று லூர்த்தம்மா கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர்கள் சந்தித்துக்கொண்டது இப்படித்தான். இந்த இரண்டு வரியை மறக்க வேண்டாம். நான் மறக்கப் பார்த்தேன், முடியவில்லை.

3

லூர்த்தம்மாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. காணாமற்போன மகனின் தாய் என்றால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம், வாசகர் தாமாகவே கலங்கிவிடுவார். அந்தச் சலுகை எனக்கு வேண்டாமென்று அவளை மாமியாக்கிப் பார்த்தேன், அயலவளாக்கிப் பார்த்தேன். எந்த வேஷத்திலும் அவள் மகனைத்தான் தேடினாள். கடைசியில் நானே விட்டுக்கொடுத்தேன்.

மகன் சிமியோன். தொண்ணூற்று மூன்றில் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளமும் திரும்பவில்லை, வலைத்துண்டும் கரை ஒதுங்கவில்லை. உடம்பு கிடைத்தால் ஒரு பேச்சு. ஒன்றுமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? கத்தோலிக்கக் கோயில் சுவாமியார், செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசையை வைக்கலாம் என்றார். லூர்த்தம்மா சம்மதிக்கவில்லை. நவம்பரில் செத்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிக்கும்போது சிமியோன் என்ற பெயர் வந்தால், தான் எழுந்து நின்று "பொய்" என்று சொல்வதாக வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள். பெயர் வாசிக்கப்படவில்லை.

பூசைக்குப் பதிலாக அவள் அரியாலைக்கு வந்தாள். 'காணவில்லை' என்று ஒரு நோட்டீசு அடிக்க வேண்டும், அதற்கு ஒரு படம் வேண்டும்.

"பிள்ளையின்ரை போட்டோ ஒண்டும் இல்லையோ அம்மா?" என்று ஞானாம்பிகை கேட்டாள்.

"வீடு எரிஞ்சதோடை எல்லாம் போச்சுது."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ, நான் கீறுறன்."

லூர்த்தம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூக்குக்கு என்ரை மூக்கைப் பார். உதே மூக்குத்தான். கீழ்ச்சொண்டு தேப்பன்ரை, தடிப்பு. காது பெரிசு. சின்னனிலை நான் பிடிச்சு முறுக்கினதிலை பெருத்ததெண்டு அவன் சொல்லித் திரிவான்."

பென்சில் ஓடியது. மூக்கு வந்தது, சொண்டு வந்தது, காது வந்தது.

"கண் எப்பிடி அம்மா?"

ஞானாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியேல்லை பிள்ளை."

"பெரிசோ, சின்னனோ? உள்ளுக்கை போனதோ?"

"அவன் என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கிறேல்லை. சாப்பாடு குடுத்தாக் கோப்பையைப் பாப்பான். ஏசினாக் கடலைப் பாப்பான். போன அண்டைக்கும் நான் ஏசினனான். அண்டைக்கும் கடலைத்தான் பாத்தவன்." சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "பெத்தனான். கண்ணைச் சொல்லத் தெரியேல்லை."

கீறத் தெரியாத முகமென்று ஞானாம்பிகைக்கு எதுவும் இருந்ததில்லை. கடைசியில் இமைகளைத் தாழ்த்தி, கீழே எதையோ பார்க்கிறவன் போலக் கீறிவிட்டாள். லூர்த்தம்மா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "ஓம். உப்பிடித்தான் நிப்பான்" என்றாள்.

நோட்டீசு அடித்தார்கள். கீழே 'இவரைக் கண்டவர்கள் அறியத்தரவும்.' 'உமல்' கடைசிப் பக்கத்திலும் அதே படம். ஒருவரும் அறியத்தரவில்லை. மிஞ்சிய நோட்டீசுகள் ஞானாம்பிகையின் கட்டிலுக்குக் கீழே கட்டாகக் கிடந்தன.

(உரையாடல்களை உரக்க வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். அப்போது காதை யன்னல் பக்கம் பார்க்க வைத்திருந்தேன். "கண்ணைச் சொல்லத் தெரியேல்லை" என்பதை வாசித்துவிட்டு நிமிர்ந்தால், அது என் பக்கம் திரும்பியிருந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும். காகிதம்தானே, பாரமில்லை.)

4

இனி குருநகரில் ஒரு சிற்றாலயம் வேண்டும். பெயர் கேட்காதீர்கள், நான் கட்டியது. கட்டிய கையோடு கூரையையும் நானே எடுத்துவிட்டேன். குண்டு விழுந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு அங்கே இருந்த உடக்குகள்* எரிந்து போயின.

*உடக்கு என்பது ஆளளவு சொரூபம். கை, கழுத்து அசையும்படி மூட்டு வைத்திருக்கும். பெரிய வெள்ளியில் யேசுவின் பாடுகளை மனிதர் நடிக்காமல் இந்தச் சொரூபங்களைக் கொண்டே நடத்துவார்கள். கூத்தை நடத்துகிற அண்ணாவியார் பக்கத்தில் நின்று பசாம் என்னும் பாடுகளின் பாட்டைப் பாட, கயிற்றை இழுத்தால் சொரூபம் தலை சாய்க்கும். பார்த்தவர்கள் அதைப் பொம்மை என்று சொல்ல மாட்டார்கள்.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை ஓய்ந்தது. ஓய்வு எவ்வளவு நாளைக்கென்று யாருக்கும் தெரியாது, ஆகையால் எல்லோரும் எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தார்கள். கலியாணம் செய்தார்கள், கிணறு இறைத்தார்கள். அண்ணாவியார் செபநாயகம் பாடுகளை மறுபடி நடத்துவதென்று முடிவெடுத்து, சைக்கிளை உழக்கிக்கொண்டு அரியாலைக்கு வந்தார்.

"தங்கச்சி, நீர் காகிதத்திலை தலை செய்யிறனீரெண்டு லூர்த்தம்மா சொன்னா. உடம்பை நாங்கள் பனஞ்சிலாகையிலை சட்டமாக் கட்டிப்போட்டம். தலைதான் இல்லை."

"நான் சைவம் அண்ணை, உங்கடை வேதமில்லை. பிழைச்சுப் போனா?"

"முகத்துக்கு என்ன சைவம், என்ன வேதம். பாக்கிற சனம் அழவேணும். அவ்வளவுதான்."

பழைய தாள்களை எல்லாம் கிழித்து ஊறப்போட்டாள். விற்காத 'உமல்' பிரதிகள், வெட்டி ஒட்டி மிஞ்சிய துண்டுகள், கட்டிலுக்குக் கீழே கிடந்த நோட்டீசுகள். கோதுமை மா கிடைக்கவில்லை, மரவள்ளி மாவில் பசை காய்ச்சினாள். தாள் தாளாக ஒட்டினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே யேசு பிடிக்க வேறொருவன் வந்துகொண்டிருந்தான். படங்களில் பார்த்த முகத்தை நினைத்துத்தான் அவள் தொடங்கினாள். மூக்கு கேட்காமலே லூர்த்தம்மாவின் மூக்காகத் திரும்பியது. கீழ்ச்சொண்டைச் செதுக்கச் செதுக்கத் தடித்தது. இடது காது பெரிதாக வந்ததென்று பிடுங்கிப் பேணிக்குள் போட்டுவிட்டு வேறொன்று செய்தாள். அதுவும் பெரிதாகத்தான் வந்தது. கை பழகிய முகம் கைக்கு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சிமியோனை அவள் ஒரே ஒரு முறைதான் கீறியிருந்தாள்.

என் மேசையில் இருப்பது அந்தப் பிசகிய காது. ஒரு கதையில் வெட்டிவிட்ட வாக்கியம் மாதிரி.

5

முதற்பிரதியில் இந்த இடத்தில் நான் எழுதியது:

[கடைசியாக ஞானாம்பிகை இமைகளை இறக்கிவிட்டாள். முகம் உறங்குவது போலிருந்தது.]

எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து வாசித்தால்:

[கடைசியாக ஞானாம்பிகை இமைகளை ஏற்றிவிட்டாள்.]

என் கையெழுத்து. என் பேனை. மனைவியைக் கேட்டேன். "உங்கடை எழுத்திலை கை வைக்க எனக்கென்ன விசரே? நீங்கள்தான் எழுதிப்போட்டு மறந்திருப்பியள்" என்றாள். இருக்கலாம். வெட்டிவிட்டு மறுபடி இறக்கினேன். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தேன், ஏறியிருந்தது. அதற்குப் பிறகு நான் இறக்கவில்லை. பயம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது பயந்தான்.

இவள் ஏன் கண்ணைத் திறந்தாள் என்று அதன்பிறகே யோசித்தேன். விடை சாதாரணமாக இருந்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சிலுவையிலிருந்து இறக்கி, கிடத்தி, சனம் வரிசையில் வந்து முத்தமிட்டு முத்தி செய்கிற உடம்புக்கு உரிய தலை அது. கண் மூடியிருக்க வேண்டும். குருநகரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டிய ஆள் இல்லை, ஆகையால் செபநாயகம் சொல்லவில்லை. வட்டுக்கோட்டையிலோ சிலை என்றால் கடைசியில் கண் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அது கல், இது வெறும் தாள்.

அந்த ஆண்டு பெரிய வெள்ளியும் சித்திரை வருடப்பிறப்பும் ஒரே நாளில் வந்தன. காலையில் ஞானாம்பிகை தலையில் மூலிகை மருத்துநீர் வைத்து முழுகி, புதுச்சீலை உடுத்துக்கொண்டு கண் எழுத உட்கார்ந்தாள். இமைகளைப் பழைய வேட்டித் துணியில் செய்து, பசையில் தோய்த்து, மேலே மடித்து வைத்தாள். காயும்வரை கீழே இழுத்தால் இறங்கும், காய்ந்துவிட்டால் இறங்காது.

கண்ணுக்கு மாதிரி இல்லை. தாய்க்கே தெரியாத கண்ணை இவள் எங்கே தேடுவாள்? முகம் பார்க்கிற கண்ணாடியை எதிரே சாய்த்து வைத்து, தன் கண்களைப் பார்த்து எழுதினாள். படம் கீறுகிறவர்கள் ஆள் கிடைக்காதபோது செய்கிற வேலைதான் அது. இரண்டாவது கருவிழியை வைத்து முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து பார்த்தது தன் முகமா அந்த முகமா என்று ஒரு கணம் தெரியவில்லை. கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, இமைகள் காயுமுன்னரே முகத்தை ஊதாத் துணியால் மூடிக் கட்டினாள்.

(ஊதாத் துணி அண்ணாவியார் கொடுத்தது. தவக்காலத்தின் கடைசியில் கோயில் சொரூபங்களை அப்படி மூடி வைப்பார்கள். ஆகையால் தலை வந்து, உடம்பில் பொருந்தி, சிலுவையில் ஏறும்வரை அந்த முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நான் வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைப்பீர்கள். வழக்கமே அப்படி.)

6

மூன்று மணி. சித்திரை வெயில். கூரையில்லாத கோயிலின் முற்றத்தில் குருநகர் முழுவதும் நின்றது. ஞானாம்பிகை மதிலோரமாக நின்றாள். வருடப்பிறப்பில் இழவு வீட்டுக்கு வந்தது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தலையில் மருத்துநீர் வாசம் வேறு.

செபநாயகம் பசாம் பாடினார். கயிறு இழுபட்டது, துணி மூடிய தலை சாய்ந்தது. பெண்கள் விம்மினார்கள். ஏணி வைத்து, வெள்ளைத் துணியில் தாங்கி, உடம்பை இறக்கி நீண்ட வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். வழக்கத்தில் இந்த இடத்தில் மாதாவின் உடக்கு பக்கத்தில் வரும். அதுவும் எரிந்து போயிற்று. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

செபநாயகம் ஊதாத் துணியை உருவினார். பாட்டு அறுந்தது.

கிடந்தவரின் கண்கள் திறந்திருந்தன.

வெயில் பட்டால் ஈரத்தாள் இறுகும். முகத்தின் ஒரு பக்கம் மெல்ல இழுபட்டது. கருவிழி அசைந்ததாக நினைத்து முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். அப்போது ஒரு பெண் சொன்னாள், மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது:

"உது லூர்த்தம்மாவின்ரை சிமியோனெல்லோ."

ஞானாம்பிகைக்கு அந்தக் கணத்தில்தான் தன் பிழை விளங்கியது. கண்ணும் விளங்கியது, முகமும் விளங்கியது. ஓடிப்போய்த் துணியைப் போர்த்த வேண்டும் போலிருந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆராவது கண்ணை மூடுங்கோ" என்றார் செபநாயகம். அவருடைய குரல் அண்ணாவியார் குரலாக இல்லை. "திறந்த கண் துணை தேடும்."

"நீங்களே மூடுங்கோவன் அண்ணாவியார்."

"நான் எப்பிடி? உரித்துள்ள ஆள் மூடவேணும்."

கரையூர்களில் இது எழுதாத சட்டம். செத்தவரின் கண்ணை இரத்த உறவுதான் மூடும். மூடுகிற கை, "ஓம், செத்துப்போனான்" என்று சொல்லுகிற கை. மாதாவின் உடக்கு இல்லாத அந்த இடத்திலிருந்து எல்லோருடைய பார்வையும் லூர்த்தம்மாவின் பக்கம் போனது. இரண்டு ஆண்டுகளாக அவள் சொல்ல மறுத்த சொல்லைச் சொல்ல இப்போது வாயே தேவையில்லை.

லூர்த்தம்மா எழுந்து வந்தாள். வாங்கின் பக்கத்தில், மாதா நிற்க வேண்டிய இடத்தில் நின்று குனிந்தாள்.

"என்னைப் பாக்கிறான்" என்றாள்.

பின்னால் யாரோ அழுதார்கள். "மூடு லூர்த்து, வெயிலிலை காயுது" என்றது ஒரு குரல்.

"பொறுங்கோ. இப்பதான் பாக்கிறான்."

ஞானாம்பிகை தன் இமைகள் காய்ந்து இறுகுவதை உணர்ந்தாள். மூட முயன்றாள், இறங்கவில்லை. மதிலோரம் நின்றவளுக்கு லூர்த்தம்மாவின் முகம் மிகக் கிட்ட, மேலே இருந்து குனிந்து, வானத்தை மறைத்தபடி தெரிந்தது. மீன் வாசம் வந்தது. அந்த முகத்தின் மூக்கு, அவள் கீறிய மூக்கு.

லூர்த்தம்மா இன்னும் குனிந்தாள். அந்தக் கண்களுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ளுக்கை ஆள் இருக்கோ?"

"ஓம், இருக்கிறன்."

யார் சொன்னது? ஞானாம்பிகைக்குத் தன் சொண்டு அசைந்தது தெரியும். குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. வாங்கிலிருந்து வந்ததாக முன்வரிசைப் பெண்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியாது. நான் எழுதியது கேள்வியை மட்டுந்தான்.

லூர்த்தம்மா கையைத் தூக்கினாள்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அவள் மூடுகிறாள். ஆத்துமப் பூசை நடக்கிறது, நவம்பரில் பெயர் வாசிக்கிறார்கள், ஊர் மூச்சு விடுகிறது. ஊருக்கு நல்ல முடிவு. ஆனால் வாழ்நாளில் ஒரே முறை தன்னைப் பார்த்தவனின் கண்ணை அவளே மூட வேண்டும். தவிரவும் நவம்பரில் பெயர் வாசிக்க அங்கே ஒருவரும் இருக்கப் போவதில்லை. ஐப்பசி முடிகிறபோது சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஊரைவிட்டு எழுந்து நடக்கப் போகிறது. அது அந்த முற்றத்தில் நின்ற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பூசை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவள் மூடவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். இமைகள் திறந்தபடி காய்கின்றன. எல்லோரும் வெளிக்கிடும்போது அவள் மட்டும் "பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறான், நான் எங்கை வாறது" என்று சொல்லி [இதை எழுதி முடிக்கவில்லை. முடித்திருந்தால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்.]

ஞானாம்பிகை மூடுகிறாள். செய்தவள் அவள், கண்ணும் அவளுடையது. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் வாங்கருகே வந்ததும் லூர்த்தம்மா நிமிர்ந்து, "நீ ஆர் பிள்ளை அவனுக்கு?" என்று கேட்டாள். அவளையும் மதிலோரத்துக்கே திருப்பி அனுப்பினேன். அங்கே இன்னும் நிற்கிறாள், கண் சிமிட்டாமல்.

8

என்னால் மூட முடியவில்லை என்பதை முன்னரே சொன்னேன். நான் மூடினால் திறக்கிறது. எனக்கு உரித்து இல்லைப் போலும்.

காதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'கண்டவர்கள் அறியத்தரவும்.' இவ்வளவு தூரம் வாசித்து வந்ததில் நீங்களும் கண்டவர்களில் ஒருவராகிவிட்டீர்கள். மூக்கு தெரியும், சொண்டு தெரியும், காது தெரியும். கண் யாருடையதென்றும் தெரியும். நான் இனி யாரைக் கேட்பது?

லூர்த்தம்மாவின் கை அந்த முகத்துக்கு மேலே நிற்கிறது. வெயில் குறையவில்லை. இமையில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அதிக நேரம் இருக்காது. நீங்கள் இந்தப் பக்கத்தை மூடினால், அவள் மூடியதாக எடுத்துக்கொள்கிறேன். மனம் வரவில்லையென்றால் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து போங்கள். நானும் அப்படித்தான் போகிறேன்.

போகும்போது முதுகில் ஏதோ படுவது போலிருந்தால் திரும்ப வேண்டாம். இவ்வளவு நேரம் நீங்கள் அவனைப் பார்த்தீர்கள், அவனும் உங்களைப் பார்த்தான்.